ஏலாக்குறிச்சி சார் கொண்டுவந்த பட்டாளம்

ரெசின் தொழிலில் முதலில் ஒட்டிக்கொள்வது நம் விரல்கள்தான். ஒட்ட வேண்டியது, மனசிருந்தால் அப்புறம் ஒட்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றாகிப்போய், முழங்கையால் கதவைத் திறந்த அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால் வாருங்கள், நாம் ஒரே கட்சி.

பெரம்பலூரில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் கடை. கல்யாண மாலைப் பூக்களைக் காயவைத்து, ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறுகிப்போகும் ரெசினில் பதித்துக் கொடுப்பேன். சாவிக்கொத்து, பெயர்ப்பலகையும் உண்டு. வாசலில் ‘ரெசின் வேலைகள் செய்து தரப்படும்’ என்று போர்டு மாட்டினேன். மற்றதெல்லாம் அந்தப் போர்டால் வந்த வினை.

போர்டைப் பார்த்து வந்தவர்

ஒருநாள் காலை, ஏலாக்குறிச்சியிலிருந்து பஸ் பிடித்து வந்தார் சவரிமுத்து சார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டூலில் உட்காரும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டார். தலையணை எடுத்துப் போட்ட பிறகுதான் பேச்சே வந்தது. “குண்டு பட்டது கால்ல. வலி என்னமோ இடுப்புலதான். ஏன்னு எந்த டாக்டருக்கும் தெரியல” என்றார்.

மடியில் ஒரு பெட்டி. வெளிநாட்டிலிருக்கும் மகள் அனுப்பியதாம். திறந்தால், ரெசினில் வார்த்த நாலு சிப்பாய்கள், துண்டு துண்டாக. தலை தனி, கை தனி, பூட்ஸ் தனி. எதை எதில் ஒட்டுவதென்று சொல்ல ஒரு தாள்கூட இல்லை, மூடியில் படம் மட்டும். மலைச்சரிவில் முன்னும் பின்னும் துப்பாக்கியோடு இரண்டு பேர். நடுவில் ஒருவர், அடிபட்டவரை முதுகில் சுமந்து இறங்குகிறார். “இந்த நடு ஆளு ராமசாமி. முதுகுல கெடக்கறது நானு” என்றார் சார்.

எல்லையில் மயங்கிக் கிடந்தவரை மலையிலிருந்து அப்படித்தான் தூக்கி வந்தாராம் ராமசாமி. இப்போதும் இருவரும் பார்த்தால் பென்ஷன், மழை, வெங்காய விலை எல்லாம் பேசுவார்கள். ஒரு நன்றி மட்டும் சாரின் வாயிலிருந்து வந்ததே இல்லை. ஆவணியில் ராமசாமி வேப்பந்தட்டையில் புதுவீடு குடிபோகிறார். அன்றைக்கு இதைக் கையில் கொடுத்துவிட்டால், வாய் சொல்லாததைப் பொம்மை சொல்லிவிடும் என்பது சாரின் கணக்கு. எனக்கு ஊற்றத்தான் தெரியும், ஒட்டத் தெரியாது என்று கெஞ்சிப் பார்த்தேன். அலமாரியில் இருந்த மாலையைக் காட்டினார்.

“கல்யாண மாலையையே வாடாம நிறுத்தி வச்சிருக்க. நாலு ஆம்பளைங்கள நிக்க வைக்க முடியாதாம்மா உன்னால?”

குளிப்பாட்டும் படலம்

வார்த்தெடுத்த துண்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். கழுவாவிட்டால் பசையும் பிடிக்காது, பெயிண்டும் பிடிக்காது. பாத்திர சோப்பில் அலசி, டீ வடிகட்டியில் வடித்து, முறத்தில் காயவைத்தேன். பக்கத்து முறத்தில் சாம்பாருக்கு உரித்த சின்ன வெங்காயம். அன்று காற்று கொஞ்சம் பலமாக இருந்ததை நான் கவனிக்கவில்லை.

மத்தியானம் என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்தவர், பிசைவதை நிறுத்திவிட்டு எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அஞ்சு விரலும் அச்சுப் பிசகாமல் ஒரு கை. நான் சாம்பாரைக் கொட்டப் போனேன். அவர் அந்தக் கையை என்னிடம் ஆட்டிக் காட்டினார்.

“கையக் கழுவிட்டுச் சாப்புடுன்னு தெனம் சொல்லுவ. இன்னிக்கு நீயே கழுவி, வேகவச்சும் போட்டுட்டியா?”

மீசை

வந்த தலைகள் நாலும் வெளிநாட்டுத் தலைகள். மழமழவென்று மழித்த முகங்கள். சார் பார்த்ததும், “மீசையில்லாம ராமசாமி வாசலுக்குக்கூட வரமாட்டான்” என்று சொல்லிவிட்டார். தண்ணீர்க் குழாய் ஒழுகினால் அடைப்போமே, அந்தப் பசைமாவைப் பிசைந்து, ஊசி முனையால் மூக்குக்குக் கீழே மீசை வைத்தேன். முதல் மீசையில் ராமசாமி எல்லைச்சாமி மாதிரி ஆகிவிட்டார். சுரண்டி எடுத்து மறுபடி வைத்தேன்.

முதுகில் கிடப்பவருக்கு யோசித்து வேலை செய்தேன். ஆள் மயக்கத்தில் இருக்கிறார், மீசை முறுக்கிக்கொண்டா இருக்கும்? சோர்ந்து தொங்குகிற மாதிரி வைத்தேன். எனக்கே என் புத்தியை நினைத்துப் பெருமை. சார் வந்தார், தலையணையில் உட்கார்ந்தார், பூதக்கண்ணாடியில் பார்த்தார், முகம் சிவந்துவிட்டது.

“குண்டு கால்லதாம்மா பட்டுச்சு. மீசையில படல.”

கண் திறப்பு

கோயில் சிலைக்குக் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கக் கற்றுத்தரும் வீடியோக்காரர்கள் கண்ணை முதலில் எழுதச் சொல்கிறார்கள். பிசகினால், முகத்துக்கு அடிக்கும் பெயிண்டால் மூடிக்கொள்ளலாமாம். நானும் அப்படியே எழுதிவிட்டு, தாடையில் துருத்திய பிசிறை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா பார்த்துவிட்டது. “கண்ணத் தொறந்துட்டு அரத்தப் போடுறியேடி மலரு! அவன் பாத்துக்கிட்டே இருக்கான்டி!” என்று ஓடிப்போய், வாழைப்பழமும் கற்பூரமும் கொண்டுவந்துவிட்டது.

தடுக்க முடியவில்லை. முன்னால் நிற்கும் சிப்பாய்க்கு நேராகவே கற்பூரம் ஏற்றியது. ரெசினுக்குச் சூடு ஆகாது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீட்டிப் பிடித்த துப்பாக்கி மெல்ல வளைந்து தரையைப் பார்த்தது. அதை வெந்நீரில் முக்கி நிமிர்த்துவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. அக்காவோ கன்னத்தில் போட்டுக்கொண்டது.

“சாமி கும்புடறப்ப துப்பாக்கிய நீட்டுறதாக்கும்? மரியாத தெரிஞ்ச புள்ள, தாழ்த்திட்டான் பாரு.”

கல்

மலைக்கு நான் தெர்மோகோல் வாங்கி வைத்திருந்தேன். சார் அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லை மூட்டையில் சுமந்து வந்தார். உடைத்தபோது ஒரு கல்லில் சிப்பி பதிந்திருந்தது. பனி மலையில் சிப்பி ஏது சார், எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

“அரியலூர்ல மட்டும் கடலா இருக்கு? கெடக்குதுல்ல. அங்கயும் கெடக்கட்டும்.”

ஒட்டாத இடம்

எல்லாம் ஒட்டியது. ஒட்ட வேண்டியது மட்டும் ஒட்டவில்லை. ராமசாமியின் முதுகுக்கும் சவரிமுத்துவின் வயிற்றுக்கும் நடுவே ஒரு சந்து. தேய்த்தேன், மாவு வைத்து அடைத்தேன், ஊக்குக் கம்பியை நறுக்கி இரண்டு பேருக்கும் நடுவில் சொருகினேன். காலையில் பார்த்தால் சார் கீழே கிடப்பார். படத்தின் உயிரே அந்த ஒரு இடம்தான். அது விட்டுப்போனால், இரண்டு பேர் காவல் நிற்க ஒருவர் குனிந்து எதையோ தேடுவது போல் இருந்தது. குடிபோகிற நாள் வேறு நெருங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார்.

“கோவிச்சுக்கிட்ட புருஷன் பொண்டாட்டி மாதிரி இருக்காங்க. நடுவுல ஒரு ஆளு படுக்கலாம் போல.”

வேப்பந்தட்டை

ஒருவழியாக நின்றது. நானும் சாரும் வேப்பந்தட்டை பஸ் ஏறினோம். பெட்டி என் மடியில், தலையணை சாருக்கு. வழியெல்லாம் அவர் உதடு அசைந்துகொண்டே வந்தது. சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்க்கிறார். ஒரு வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டது. பெட்டிக்குள் ‘டக்’ என்றது. என்னம்மா சத்தம் என்றார். வளையல் சார் என்றேன்.

வாழைமரம் கட்டிய வாசலில், சந்தனமும் கையுமாக ராமசாமி ஐயா நின்றார். படத்தில் இருந்ததைவிட இரண்டு மடங்கு ஆள். மூடியைத் திறந்தார்கள். ராமசாமி குனிந்து நிற்கிறார், முதுகில் யாரும் இல்லை. சவரிமுத்து கல்மேல் மல்லாந்து கிடக்கிறார், மீசை மட்டும் வானத்தைப் பார்த்து முறுக்கிக்கொண்டு. சார் ஒத்திகையை மறந்து, மூடத்தான் மூடியைத் தேடினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பையிலிருந்து பசையை எடுத்தேன். ராமசாமி ஐயா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“இத யாருடா உனக்குச் சொன்னது, சவரி?” என்றார். “அன்னிக்கு எறக்கத்துல காலு வழுக்கி, உன்னயப் பாறை மேல தொப்புன்னு போட்டுட்டேன்டா. நீ மயக்கத்துல இருந்த. எப்படிச் சொல்றதுன்னு தெரியாமயே இத்தன வருசம் ஓட்டிட்டேன்.”

சாரின் கை தானாக இடுப்புக்குப் போனது. “அடப்பாவி! இது நீ குடுத்த வலியாடா!” என்று கத்தினார். பந்தலே திரும்பிப் பார்த்தது. அடுத்த நிமிஷம் இருவரும் கட்டிப்பிடித்துச் சிரித்தார்கள், கண்ணில் தண்ணீர் வழிய வழிய. சிரிப்பு அடங்கியதும் சார் குனிந்து, கல்லில் கிடந்த தன்னைத் தானே எடுத்து, ராமசாமியின் முதுகில் வைத்தார்.

“போட்டதுக்கு, அப்பறமா திட்டறேன். திரும்பக் குனிஞ்சு தூக்குன பாரு, அதுக்கு நன்றிடா ராமசாமி.”

அந்தச் சிப்பாயை இன்றுவரை ஒட்டவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ராமசாமி ஐயா அவரைக் கீழே போட்டுத் தூக்கிக் காட்டுகிறாராம். ஒட்டாமல் போன வேலைக்குப் பாராட்டு வாங்கிய ஒரே ரெசின்காரி நானாகத்தான் இருப்பேன்.