அப்பாவிடம் சொல்லாத கை

போர்வெல் வண்டியோடு வடநாட்டுக்குப் போயிருக்கும் என் கணவர், மகளின் பிறந்தநாளுக்கு அங்கிருந்து ஒரு ஸ்கேட்போர்டு அனுப்பியிருந்தார். அதில் ராசிபுரம் பைபாஸ் பக்கத்துச் சரிவில் வேகமாக இறங்கிய மகள், விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள்.

மாவுக்கட்டு போட்டு வந்ததும் மல்லசமுத்திரத்திலிருக்கும் மாமியாருக்குப் போன் செய்தேன்.

"அவன்கிட்டச் சொல்லிப்போடாத சாமி. மிசின்கிட்ட நிக்கறவன், நெனப்பெல்லாம் இங்க வந்துரும்" என்றார்.

வேலைக்குப் போன இடத்துக்கு வீட்டுக் கஷ்டத்தைச் சொல்வதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அது சரியென்றும் பட்டது, பெற்றவரிடமே மறைப்பதா என்றும் உறுத்தியது.

சாயங்காலம் அவர் வீடியோவில் வந்தார். மகள் கட்டுப் போட்ட கையைத் துண்டால் மூடிக்கொண்டாள்.

"எங்க சாமி, ஒருக்கா ஓட்டிக் காட்டு!"

"இங்க மழைங்கப்பா."

அவர் என்னைப் பார்த்தார். "உனக்கென்ன, மூஞ்சி வாடிக் கெடக்குது?"

"வெயிலுங்க" என்றேன்.

"அங்க ரெண்டும் ஒண்ணா அடிக்குதா?" என்று சிரித்தார். சொல்லிவிடலாமா என்று வாயெடுப்பதற்குள் யாரோ அவரைக் கூப்பிட, போனை வைத்துவிட்டார்.

"கட்டுப் பிரிக்கறதுக்குள்ள அப்பா வந்துட்டா என்னம்மா பண்றது?" என்றாள் மகள்.

அதற்குள் அவர் வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்ல மனம் வரவில்லை.