அம்மாவின் முழங்காலில் நான் கட்டிய பனைமட்டை

பிள்ளைகளே, நான் உங்கள் அம்மாவின் காலை அமுக்கிப் பிடித்ததையும் அவர் கத்தியதையும் நீங்கள் வாசலில் நின்று பார்த்தீர்கள். அன்றிலிருந்து இரண்டு பேரும் என்னோடு சரியாகக் கதைப்பதில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஆட்டைத் திருப்பக் கல்வேலியில் ஏறியவர், கல் சரிந்து முழங்கால் அடிபட விழுந்தார். யாழ்ப்பாணத்தில் ஒப்பரேசன். காலைக் கிழிக்கவில்லை. புளியங்கொட்டை அளவில் நாலு துளை, உள்ளே ஆணி. வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டும்போது அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: இனி எங்கள் நெடுந்தீவுப் படகில் தானாக ஏறி இறங்க முடியுமா? முடியும் என்றார்கள். கொஞ்சக் காலம் கால் ஊன்றக்கூடாது. ஆனால் கட்டிலில் இருந்தபடி தினமும் முழங்காலை மடக்கி நீட்ட வேண்டும்.

ஊன்றக்கூடாது என்றதற்குச் சரி என்றேன். மடக்கச் சொன்னது என் மண்டையில் ஏறவில்லை. முறிந்த எலும்பை ஆட்டுவதா? எங்கள் ஆட்களில் யாருக்கு முறிந்தாலும் மட்டை வைத்துச் சீலை சுற்றி, நாற்பத்தொரு நாள் அசையாமல் கிடத்துவார்கள். துளைகள் ஆறியதும் நானே பனைமட்டை சீவிக் கட்டினேன். மடக்கச் சொன்னவர்கள் அல்லவா என்று அம்மா இரண்டு தரம் சொன்னார். "நீர் பேசாமல் கிடவும்" என்றேன். கடல் கொந்தளிப்பைச் சாட்டிக் கிளினிக்குக்கும் கூட்டிப்போகவில்லை.

கட்டை அவிழ்த்தபோது தொடை வற்றிப்போயிருந்தது. முழங்கால் மடங்கவேயில்லை.

கிளினிக்கில் பயிற்சி கொடுக்கும் பெண் மட்டைத் தழும்பைப் பார்த்து, யார் கட்டியது என்று கேட்டார். சொன்னேன்.

"ஒப்பரேசன் நல்லாத்தான் செய்திருக்கினம், அண்ணை. காலைக் கெடுத்தது நீங்கள்."

அம்மாதான் தலையைக் குனிந்தார். இனி வீட்டிலும் ஒருவர் தினமும் மடக்க வேண்டும் என்று, எப்படியென்று காட்டித் தந்தார்கள். அந்த ஒருவர் நான். நீங்கள் பார்த்தது அதைத்தான். "விடுங்கோப்பா, ஏலாது" என்று அழுவார். நான் எண்ணி முடிக்கும்வரை விடமாட்டேன். ஒருநாள் அழாமல் என் முகத்தைப் பார்த்தார்.

"மட்டை கட்டேக்கையும் சொன்னனான். அப்பவும் நீங்கள் கேக்கேல்லை."

இப்போது நடக்கிறார். முழங்கால் பாதிதான் மடங்குகிறது. போன கிழமை துறையில், அம்மாவைக் காட்டி, அக்காவை இனி மாடு ஏத்திற மாதிரித்தான் ஏத்த வேணும் என்று படகுக்காரர் பகிடி விட்டார். நின்ற சனம் சிரித்தது. அம்மாவும் சிரித்தார். இரண்டு பேர் அக்குளில் பிடித்துத் தூக்கி இறக்கினார்கள். வீட்டுக்குத் திரும்பியதும், இனிப் படகில் கால் வைக்கமாட்டேன் என்றார்.

அடுத்தநாள் நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு அந்த மட்டைகளைத் தேடி எடுத்துக்கொண்டு துறைக்குப் போனேன். படகு போய்விட்டது, ஒருவருமில்லை. மட்டைகளை என் முழங்காலில் இறுக்கிக் கட்டி, அங்கே நின்ற வெறும் வள்ளத்துக்குள் இறங்கப் பார்த்தேன். மூன்று தரம் பார்த்தும் முடியவில்லை. பிறகு ஒரு கல்லில் குந்தி, மட்டையின் முடிச்சை அவிழ்த்தேன்.