கோடு போட்டுப் பங்கு வாங்கினேன்

பங்குத் தரகு என்பது ஊராரின் ஆசையையும் நம்முடைய பேராசையையும் ஒரே தந்தியில் அனுப்புகிற தொழில். கையில் ஸ்கேலும் மனசில் நம்பிக்கையுமாகக் கெட்டுப்போனவர்கள் இதைப் படிப்பவர்களில் நாலு பேராவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் கோவில்பட்டியில் நான் ஒரு மதராஸ் புரோக்கருக்கு ஏஜெண்டாக இருந்தேன். ஒரு மாடி அறை, ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. காலைப் பேப்பரில் முந்தின நாள் விலையைப் பார்ப்பேன். வாங்கவும் விற்கவும் வருகிறவர்களுக்காகத் தந்தி கொடுப்பேன். கமிஷன் வரும். அதோடு நின்றிருக்கலாம். பம்பாயிலிருந்து வந்த உறவினர் ஒருவர் ஒரு அமெரிக்கப் புத்தகத்தை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

அந்தப் புத்தகம் சொன்னபடி, பங்கு விலை ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்கி, கிராஃப் தாளில் இங்கிலீஷ் 'எம்' எழுத்தைப் போல ஒரு உருவம் போடுமாம். பிபனாச்சி என்கிற பழைய காலத்து இத்தாலிக்காரரின் கணக்குப்படி, ஏறினதில் நூற்றுக்கு அறுபத்திரண்டு இறங்கியது என்பது போன்ற விகிதங்கள் அதில் அமைந்துவிட்டால், எம்மின் கடைசிக் கால் ஊன்றுகிற இடத்தில் விலை திரும்பி மேலே போகுமாம். அங்கே வாங்க வேண்டும். அவ்வளவுதான். நானும் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

ஒட்டுத் தாள்

முதலில் அகப்பட்டவர் பஜாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த காதர் பாய். ஒரு மில் பங்குக்கு எம் போட்டு, கடைசிக் கால் ஊன்றும் இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டேன். "பாய், இதுக்குக் கீழ இறங்காது" என்றேன். நம்பி வாங்கினார். மறுநாள் விலை வட்டத்துக்குக் கீழே போயிற்று. அடுத்த நாள் இன்னும் கீழே. நாலாம் நாள் தாளில் இடமே இல்லை.

அடியில் இன்னொரு தாளைப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தபோது பாய் மாடியேறி வந்தார். சத்தம் போடப் போகிறார் என்று எழுந்து நின்றேன். அவர் குனிந்து, ஒட்டிய தாளை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். பிறகு பசைக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, அதுக்கடுத்த பேப்பரையும் இப்பவே ஒட்டிரும். நாளைக்கு வேலை மிச்சம்."

மணியாச்சியில் நின்ற ரயில்

ஒரு தடவை பலித்தது. ஒரு சிமெண்ட் பங்கு நான் போட்ட வட்டத்தை வந்து தொட்டு, தொட்ட மறுநாளே குதித்து எழும்பியது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்த வாரம் புரோக்கர் தூத்துக்குடிக்கு ரயிலில் போவதாகக் கடிதம் வந்தது. மணியாச்சி ஜங்ஷனில் தூத்துக்குடிப் பெட்டிகளைக் கழற்றி வேறு எஞ்சினில் மாட்ட வெகு நேரமாகும். அந்த நேரத்தில் அவரிடம் தாளை விரித்துக் காட்டிவிட வேண்டுமென்று முன்கூட்டியே போய், கடம்பூர் போளிப் பொட்டலத்தோடு பிளாட்பாரத்தில் காத்து நின்றேன்.

ஜன்னலோரம் நின்று, விகிதம் விகிதமாக விளக்கினேன். அவர் போளியைத் தின்றுகொண்டே கேட்டார். என் சிவப்பு வட்டத்தின் மேல் நெய் சொட்டியது. ரயில் நகரும்போது தாளைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு, அவர் சொன்னது:

"அந்தக் கம்பெனி போனஸ் பங்கு கொடுக்கப் போகுதுன்னு எங்க ஆபீசுக்குக் காபி கொண்டு வரவனுக்கே ஒரு வாரமாத் தெரியுமேய்யா!"

அவருக்குப் பொறாமை என்று முடிவு செய்துகொண்டு ஊர் திரும்பினேன்.

நனையாத தாள்

நாகலாபுரத்துப் பருத்திச் சம்சாரி ராமசாமி நாயக்கரிடம் மில் பங்குகள் கொஞ்சம் இருந்தன. மாசி மாதம் நாலு நாள் அடை மழை பெய்து ஓய்ந்ததும் வந்து, எல்லாவற்றையும் விற்கச் சொன்னார். உழவு மாடு வாங்க வேண்டுமாம். நான் விடவில்லை. கடைசிக் கால் இன்றைக்குத்தான் ஊன்றியிருக்கிறது, இனி ஏற்றம்தான் என்று தாளைக் காட்டினேன். "பொறுங்க அண்ணாச்சி, இப்ப வித்தா பின்னால வருத்தப்படுவீங்க."

"வெடிச்ச பருத்தி பூராவும் நனைஞ்சு கருத்துட்டு. எங்க பக்கமெல்லாம் இதே கதைதான். மில்லுக்காரன் இனி பஞ்சுக்கு எங்க போவான்? என்ன விலை குடுப்பான்?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்தப் பங்குகளை நானே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் மேஜைமேல் கிடந்த தாளை விரலால் தடவிப் பார்த்தார்.

"தம்பி, ஒம்ம பேப்பர் நல்லாத்தான் இருக்கு. ஆனா அது மழையில நனையலையே."

பதிமூன்றாம் நாள்

அந்தப் பங்குகளை வாங்கியது என் மனைவி சண்முகத்தாயின் சங்கிலியை அடகு வைத்து. பதிமூன்றாம் நாள் விலை திரும்பும், சங்கிலி வீட்டுக்கு வந்துவிடும் என்றேன். "அதென்ன பதிமூணு?" என்று கேட்டாள். பிபனாச்சி கணக்கில் ஐந்தையும் எட்டையும் கூட்டினால் பதிமூன்று, எட்டையும் பதிமூன்றையும் கூட்டினால் இருபத்தொன்று, இப்படியே போகும், விலை திரும்புகிற நாளெல்லாம் இந்த எண்களில்தான் வரும் என்று காலண்டரின் பின்புறத்தில் எழுதிக் காட்டினேன். மாவாட்டிக்கொண்டே பார்த்தாள்.

பதிமூன்றாம் நாள் விலை இன்னும் இறங்கியது. இருபத்தொன்று என்றேன். இடையில் அவள் தங்கை கல்யாணம் வந்தது. வெறும் மஞ்சள் கயிற்றோடு போனாள். சங்கிலி எங்கே என்று யாரோ கேட்க, "கொக்கி விட்டுப்போச்சு, தட்டார்ட்டக் குடுத்திருக்கு" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னது பந்தியில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. பாயசம் வருவதற்கு முன்பே இலையை மூடிவிட்டேன்.

இருபத்தொன்றாம் நாளும் போயிற்று. நான் வாயைத் திறக்குமுன் அவளே காலண்டரைத் திருப்பிப் பார்த்தாள்.

"அடுத்தது முப்பத்தினாலு, அதுக்கடுத்தது அம்பத்தஞ்சு. கணக்கு எனக்கு நல்லாப் பிடிபட்டுட்டு. நாளைக்குக் காலையில போயி வித்துட்டு வாங்க."

விற்றேன். வந்தது சங்கிலிக்குப் போதவில்லை. மீதியைக் கமிஷனில் சேர்த்து, அடுத்த வருஷம் தை பிறந்த பிறகுதான் அவள் கழுத்தில் போட முடிந்தது. கிராஃப் தாள் வாங்குவதை அன்றோடு விட்டேன்.

இத்தனை கோடு போட்டதில் எனக்கு ஒரு திறமை மட்டும் குறைவில்லாமல் வாய்த்திருக்கிறது: எந்தப் பங்கு நேற்று என்ன விலைக்குப் போனது என்று யார் கேட்டாலும் அச்சுப் பிசகாமல் சொல்லிவிடுவேன்.