எக்காளம் தொனித்தபோது நான் தூக்கம்

போன சனிக்கிழமை பிற்பகல், அம்பிட்டியவில், என் வீட்டு ஹோலில் உலகம் முடிந்துபோனது. எனக்கு மட்டும்!

அதற்கு முந்திய ஞாயிறு எங்கள் சபையில் என் பிரசங்கம். பாஸ்டருக்குத் தொண்டை கட்டினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இயேசுவின் இரகசிய வருகை பற்றி வெளுத்து வாங்கினேன். எக்காளம் தொனிக்கும்... கல்லறைகள் திறக்கும்... ஆயத்தமானவர்கள் மோட்சத்துக்கு எடுக்கப்பட்டு சட்டென்று மறைவார்கள், உடுத்திய துணி கிடந்த இடத்தில் கிடக்கும்! "கைவிடப்படப்போவது யார்?" என்று கேட்டபோது என் கண் தானாகவே டேவிட் பக்கம் போனது. கீபோர்டு வாசிப்பவர். நான் சத்தத்தைக் குறைக்கச் சொன்னதிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.

சனிக்கிழமை காலை சபையில் உபவாச ஜெபம். எனக்கு முதுகுவலி என்று சொல்லிவிட்டேன். உண்மையில் டீவியில் மேட்ச். "உங்கள தனியா விட்டுட்டு எப்பிடிங்க போறது?" என்று மனைவி ஸ்டெல்லாவும் நின்றுவிட்டாள். பகல் சோற்றை ஒரு பிடி பிடித்துவிட்டு ஹோலில் கிடந்த செட்டியின் மெத்தையில் சாய்ந்தேன். அப்படியே தூங்கிப்போனேன்.

தூக்கத்தில் எங்கோ நீளமாக ஒரு சத்தம்...

விழித்தேன். வீட்டில் ஒரு அசைவில்லை. "ஸ்டெல்லா!" பதில் இல்லை. அறையை எட்டிப் பார்த்தேன். அவள் வீட்டில் போடும் சட்டை கதிரையில் கிடந்தது. ரப்பர் செருப்பு கீழே. ஆள் இல்லை!

போன் எடுத்தேன். பாஸ்டர், பதில் இல்லை. ஜெபம் பகலோடு முடிந்திருக்குமே? சபைச் செயலாளர், பதில் இல்லை. கடைசி நம்பிக்கையாக டேவிட்டுக்கு அடித்தேன். அந்த மனுஷன் நிச்சயம் பூமியில்தான் இருப்பார்...

அவரும் எடுக்கவில்லை. டேவிட் கூடவா!

சத்தியமாகச் சொல்கிறேன், மோட்சம் கைநழுவியதைவிட, ஸ்டெல்லா என்னை விட்டுப் போய்விட்டாளே என்பதுதான் வலித்தது. அழுதுவிட்டேன். முழங்காலில் விழுந்தேன். முதுகு ஒரு முனகல் இல்லாமல் வளைந்தது. எனக்கு எதிராக அதுவே சாட்சி.

தாங்காமல் முற்றத்துக்கு ஓடினேன். பக்கத்து வீட்டு பாரூக் நானா மதிலுக்கு மேலால் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், மொகமெல்லாம் வெளிறிப் போயிருக்கு?"

"நானா... ஸ்டெல்லாவக் கண்டீங்களா?"

"மிஸிஸ் சர்ச் வேன்ல போனாங்களே! தெல்தோட்டையில யாரோ சுகமில்லாதவரப் பாக்கவாம், எல்லாருமாத்தான் போறாங்க. கீபோர்டு அடிக்கிறவர்தான் வேன் ஓட்டினாரு. கேட்டுக்கு முன்னால நின்டு என்னா ஹோர்ன்! உங்களுக்குக் கேக்கல்லயா?"

கேட்டது, நானா. அதைத்தான் எக்காளம் என்று நினைத்தேன். அதையும் ஊதியவர் டேவிட்!

மாலையில் ஸ்டெல்லா வந்தாள். "சொல்லிட்டுத்தானே போனேன்? நீங்களும் 'ம்ம்'னீங்க. மலைப் பக்கம் ஒருத்தர் போனுக்கும் சிக்னல் இல்ல" என்றாள். முதுகு உட்பட எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. "சரி, நீ வரும்போது நான் இல்லாம, நான் இடுப்புல கட்டியிருக்கிற சாரம் மட்டும் செட்டியில கெடந்திருந்தா, நீ என்ன நெனச்சிருப்ப?"

அவள் யோசிக்கவே இல்லை.

"காற்சட்டைய மாத்திக்கிட்டு, நானா வீட்டுப் பெரிய டீவியில மேட்ச் பாக்கப் போயிட்டீங்கன்னு."