மாமாவின் விமானமும் அத்தாவின் ரேடியோவும்

பெரம்பலூரில் என் கடை வாசலில் யாரோ பழைய பைக்கைக் கிளப்பினார்கள். உள்ளே ரேடியோ கரகரத்தது. நான் அதை அணைக்கவில்லை.

என் சின்ன வயதில், லப்பைக்குடிக்காட்டில் எங்கள் வீட்டு முற்றத்தில் அத்தாவின் ரேடியோவும் இப்படித்தான் கரகரத்தது. அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். துபாயில் லாரி ஓட்டிய மாமா, முதலாளி மகன் உடைத்த பெட்ரோல் விமானத்தோடு லீவில் வந்திருந்தார். பொம்மைதான், ஆனால் ரிமோட்டில் நிஜமாகவே பறப்பது. அதைச் சரிசெய்துவிட்டால் முதலாளியின் பொம்மை விமானக் கடையில் வேலை. முடியாவிட்டால் ஊரோடு இருந்துவிடுவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

விமானத்தைத் தூணில் கட்டி எஞ்சினை ஓட்டினார். காலைச் செய்தியை விடாத அத்தா, ரேடியோவைக் காதில் வைத்தபடி சுற்றிவந்தார்.

“செய்தி வாசிக்கிறவருக்குத் தொண்டை கட்டிக்கிட்டாப்ல இருக்கு மாப்ள.”

“எஞ்சினுக்குத் தீப்பொறி குடுக்குற இக்னீஷன் டப்பா, ரிமோட்டு ரிசீவர் பக்கத்துல இருக்குல்ல மச்சான், அதான். இந்த இரைச்சலோட பறக்கவுட்டா நம்ம சொல்றத அது கேக்காது.”

“கேக்காட்டி போவுது, வுடு,” என்றார் அம்மா.

மாமா எஞ்சினை அணைத்து, டப்பாவைக் கழற்றி முன்பக்கம் கொண்டுபோனார். அதைச் சுற்றிக் கட்ட ஸ்பாஞ்சு கேட்டார். அம்மா வெகுநேரம் தேடினார். விமானத்தின் விசிறி மாமாவின் விரலை வெட்டிவிடுமோ என்று ஒரு பயம் எனக்கு. கரகரப்பு நின்றுவிடுமோ என்று இன்னொரு பயம்.

எஞ்சின் மறுபடி ஓடியது. செய்தி துல்லியமாகக் கேட்டது. அத்தா மாமாவைப் பார்க்காமல் ரேடியோவை அணைத்தார்.

“டிக்கெட்டு எந்தத் தேதிக்குப்பா?” என்றார் அம்மா.

வாசலில் பைக் போய்விட்டது. ரேடியோ தெளிந்தது. எனக்குப் பகீரென்றது.