மாமாவின் எஞ்சினில் நான் அசிஸ்டென்ட்

எனக்கு முதன்முதலாகக் கிடைத்தது ரயில் உத்தியோகம். அப்போது எனக்கு ஒன்பது வயது. சம்பளம், வாரத்துக்கு இரண்டு பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி. வேலை செய்த இடம் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்குக்கு மேலே இருந்த எங்கள் வீட்டு மாடியறை. எஞ்சின் இருந்தது அண்ணனின் கம்ப்யூட்டருக்குள்ளே.

அண்ணன் அப்போது பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான். படிக்கிறான் என்பது அம்மாவின் நம்பிக்கை. உண்மையில் அவன் செய்துகொண்டிருந்தது, ரயில் ஓட்டும் விளையாட்டு ஒன்றுக்காகப் பழைய டீசல் எஞ்சினை ஆணி ஆணியாக வரைந்து உருவாக்குவது. முடிந்ததும் அதை உலகத்தில் யார் வேண்டுமானாலும் இணையத்திலிருந்து இறக்கி ஓட்டலாம். ஆனால் மாமா சரி என்று சொல்லாமல் வெளியே விடுவதில்லை என்று சபதம் போட்டிருந்தான். அம்மாவின் அண்ணனான மாமா நிஜமாகவே ரயில் டிரைவர். பாதி வாழ்க்கையை அந்த வகை எஞ்சினில் கழித்தவர்.

ஓய்வு நாளில் தோப்பும்படியிலிருந்து பஸ் பிடித்து வருவார். சாயா குடித்து முடிப்பதற்குள் குற்றப்பத்திரிகை தொடங்கிவிடும்.

"சத்தம் இது இல்லடா. இது தையல் மெஷின். நிக்கும்போதும் அது தொண்டையச் செருமிக்கிட்டே நிக்கணும், கேட்டியா?"

பிரேக் கைப்பிடி ஒரு விரற்கடை தள்ளியிருக்கிறது என்பார். ஜன்னல் இவ்வளவு சுத்தமாக இருக்காது என்பார். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே திருத்துவான். பெயின்டைப் பற்றி மட்டும் மாமா வாயே திறக்கமாட்டார். "அது நீயே பாத்துக்கோ."

எல்லாம் சரியான பிறகும் மாமா வண்டியை எடுக்கவில்லை. "அசிஸ்டென்ட் எவிடே?" என்றார். சிக்னலைப் பார்த்து அசிஸ்டென்ட் உரக்கச் சொல்ல வேண்டுமாம், டிரைவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டுமாம். அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது. நான் "பச்சை!" என்று கத்துவேன். "பச்சை" என்பார் மாமா. இப்போது ரயிலே போகாத துறைமுக ஸ்டேஷனுக்கு, காயல் பாலத்தைத் தாண்டி, நாங்கள் இருவரும் வண்டி விட்டோம். அடேயப்பா, அந்தப் பெருமை பிறகு எந்த வேலையிலும் எனக்கு வாய்க்கவில்லை.

அந்த மாதம் மாமாவுக்குக் கண் பரிசோதனை வரவிருந்தது. அதில் தேறாவிட்டால் எஞ்சினிலிருந்து இறக்கி ஏதாவது ஆபீசில் உட்காரவைத்துவிடுவார்கள் என்று பயந்து, அம்மா ஓயாமல் கேரட்டை அரைத்துக் கொடுத்தாள். மாமா அதைக் குடித்துவிட்டு, வண்டி நிற்கும் நேரங்களில் எதையோ முணுமுணுப்பார். "பன்னெண்டு, எட்டு, ஆறு, இருபத்தொம்பது, அம்பத்தேழு..." எஞ்சின் நம்பர்களாக இருக்கும் என்று நானும் மனப்பாடம் செய்துகொண்டேன். அசிஸ்டென்ட் அல்லவா!

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் எனக்குக் குசும்பு தலைக்கேறியது. அண்ணனின் தப்பையெல்லாம் கண்டுபிடிக்கிறாரே, என் தப்பைக் கண்டுபிடிப்பாரா? பாலத்துக்கு முன்னால் சிக்னல் சிவப்பாக இருந்தது.

"பச்சை!" என்றேன்.

"பச்சை" என்றார் மாமா. வண்டியின் வேகம் குறையவில்லை.

"ஐயோ மாமா, செவப்பு, செவப்பு!" என்று அண்ணன் அலறுவதற்குள் வண்டி சிக்னலைத் தாண்டிவிட்டது. ஆட்டம் முடிந்தது என்று திரையில் எழுத்து வந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணனும் சிரித்தான்.

மாமா சிரிக்கவில்லை. அந்தச் சிக்னலை மறுபடி காட்டச் சொல்லி, திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"நீ எந்தா மோளே சொன்னே?"

"பச்சைன்னுதான். மாமா கண்டுபிடிப்பீங்களான்னு பாத்தேன்."

அடி விழப்போகிறது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். தலையில் கை வைத்தார். "பரவால்ல. தப்பு உன் மேல இல்ல மோளே" என்றார். பழம்பொரியைத் தொடாமலே படியிறங்கிப் போய்விட்டார்.

பரிசோதனைக்கு இன்னும் நாள் இருந்தது. மாமா மறுநாளே தானாகப் போய் ரயில்வே டாக்டரிடம் என்னவோ சொல்லிவிட்டு வந்தார். அவரை எஞ்சினிலிருந்து இறக்கி ஆபீசில் போட்டார்கள். "தன் தலையில தானே மண்ண வாரிப் போட்டுக்கிட்டாரே" என்று அம்மா அழுதாள். எனக்கு மட்டும் உண்மை தெரியும்! எங்கள் மாடியில் மாமா சிவப்பைத் தாண்டிய விஷயத்தை அண்ணன்தான் மேலிடத்துக்குப் போட்டுக்கொடுத்திருக்கிறான். ஒரு மாதம் அவனோடு நான் பேசவில்லை. அவனுடைய எஞ்சின் வெளியே போனது. முன்பின் தெரியாதவர்கள் எங்கெங்கோ உட்கார்ந்து இன்றும் அதை ஓட்டுகிறார்கள். மாமா மட்டும் அதன் பிறகு அதை ஓட்டவில்லை.

போன வருடம் ஒரு வேலைக்காக எனக்கு மருத்துவப் பரிசோதனை நடந்தது. டாக்டர், பக்கமெல்லாம் வண்ணப் புள்ளிகள் நிறைந்த புத்தகம் ஒன்றை விரித்து, புள்ளிகளுக்குள் இருக்கும் எண்ணைச் சொல்லச் சொன்னார். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கு அந்த எண் தெரியாதாம். முதல் பக்கத்தில் பன்னிரண்டு. அடுத்ததில் எட்டு. பிறகு ஆறு. மாமா முணுமுணுத்த அதே வரிசை. இத்தனையையும் மனப்பாடமாக வைத்திருந்த மனிதர், ஒப்பித்துத் தப்பித்திருக்கலாம். என் ஒரு பொய்க்குப் பிறகு அவர் ஒப்பிக்கவில்லை.

"இருபத்தொன்பது" என்றேன். டாக்டர் பக்கத்தைத் திருப்பக் கையை நீட்டினார். அவர் திருப்புவதற்கு முன்பே, "அம்பத்தேழு" என்று சொல்லிவிட்டேன்.