இடது காலின் வார்

ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்புச் சாமான் ஸ்டோர் திலகவதியின் பொறுப்பில் இருந்தது. தலைக்கவசம், கையுறை, உயரத்தில் ஏறுகிறவர்கள் உடம்பில் மாட்டிக்கொள்ளும் ஹார்னஸ் என்று எதுவும் அவள் கையெழுத்தில்லாமல் வெளியே போகாது. பதினாறு வருடமாக அந்த வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு ஹார்னஸையும் மேசையில் விரித்து, வார்களை விரலால் தடவிப் பார்ப்பாள். தேறாததைச் சிவப்புப் பெட்டியில் போடுவாள். மாதக் கடைசியில் சூப்பர்வைசர் முன்னால் அவற்றை வெட்டித் துண்டாக்குவார்கள்.

அவளுக்கோ உயரம் என்றாலே ஆகாது. சாலையைக் கடக்கிற மேம்பாலத்தில்கூடக் கீழே பார்க்காமல் நடுவாக நடப்பாள்.

கணவன் பிச்சைமுத்து லாரி ஓட்டுகிறவன். வீடு சிம்பாங் அம்பாட்டில். துப்பாக்கிக்கு லைசன்ஸ் வைத்திருந்தான். ரெம்பியாவில் மளிகைக்கடை நடத்தும் ரஹீம் பாய்க்கு நாலு ஏக்கர் செம்பனை எண்ணெய்த் தோட்டம் இருந்தது. புதிதாக நட்ட கன்றுகளைக் காட்டுப்பன்றிகள் கிளறித் தின்றுகொண்டிருந்தன. அவற்றைச் சுட்டுத்தரச் சொல்லிப் பிச்சைமுத்துவைக் கூப்பிட்டார். அவன் தோட்டத்து ஓரத்தில் நின்ற பழைய டுரியான் பழ மரத்தில் இருபது அடி உயரத்தில் பரண் கட்டி, ஏறுவதற்கு மரக்கட்டைகளை ஆணியடித்து வைத்தான். லீவு நாள் சாயங்காலங்களில் அங்கே போய் உட்கார்ந்துவிடுவான்.

போன வருடம் அவனுக்குத் தெரிந்த வேட்டைக்காரர் ஒருவர் பரணிலிருந்து விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டார். திலகவதி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கட்டிலில் படுத்திருந்தவருக்குக் கண் மட்டும்தான் அசைந்தது. அன்றிலிருந்து புருஷனை விடவில்லை.

"ஹார்னஸ் இல்லாம ஏறாதீங்க. கடையில போய் ஒண்ணு வாங்குங்க."

"வாங்குறேன் லா."

இரண்டு வாரத்துக்கு முன்னால், "வாங்கிட்டேன். ரஹீம் பாய் கடையில வச்சிருக்கேன்" என்றான். அவளுக்கு மனசு லேசானது. கொண்டுவந்து காட்டச் சொல்லத் தோன்றவில்லை.

மாதக் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, வெட்டுவதற்காகச் சிவப்புப் பெட்டியைத் திறந்தாள். பட்டியலில் ஐந்து, பெட்டியில் நாலு. மறுபடி எண்ணினாள். நாலுதான். காணாமல் போனது ஏழாம் நம்பர். பேட்டரி அமிலம் பட்டு இடது கால் வார் உள்ளுக்குள்ளே இற்றுப்போனது. வெளியே ஒரு சின்ன மஞ்சள் கறை மட்டும் தெரியும். தெரியாதவர்கள் அழுக்கு என்று நினைப்பார்கள்.

பெட்டியை மூடியபோதுதான் நினைவு வந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் அவளை அழைத்துப்போக வந்த பிச்சைமுத்து, கனமான அட்டைப்பெட்டிகளை ஸ்டோருக்குள் தூக்கி வைத்துக் கொடுத்தான். சிவப்புப் பெட்டியைப் பார்த்து, "புதுசாத்தானே இருக்கு, இதையா வெட்டுறீங்க?" என்று கேட்டான்.

போன் அடித்தாள். எடுக்கவில்லை. அன்று அவனுக்கு லீவு; பரணில் இருக்கும்போது போன் சத்தத்தை அடைத்துப் பையில் போட்டுவிடுவான். திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டே காருக்கு ஓடினாள். ரஹீம் பாயின் கடைக்கு அடித்தாள்.

"இப்பத்தான் போனாரு தங்கச்சி. பெல்ட்டு எல்லாம் எடுத்துக்கிட்டுத்தான் போனாரு."

"அது அறுந்துபோற பெல்ட்டு, பாய்."

"நீங்க வாங்க. நான் கடையை மூடிட்டு ரோட்டு முனையில நிக்கிறேன்" என்றார்.

வழி முழுக்க மழை. சிவப்பு விளக்கில் நின்றபோது மறுபடியும் அவனுக்குப் போன் அடித்தாள். நான்தானே நச்சரித்தேன், நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பெல்ட்டை நம்பாமல் மரத்தைக் கட்டிப்பிடித்தாவது உட்கார்ந்திருப்பார் என்று மனசில் திரும்பத் திரும்ப ஓடியது.

தோட்டத்துக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. ரஹீம் பாய் தன் பிக்-அப் வண்டியை ரோட்டு முனையில் நிறுத்திவிட்டு நின்றார். வளர்ந்த செம்பனைகளின் மட்டைகளுக்கு அடியில் அப்போதே இருட்டு கட்டியிருந்தது. அவள் உள்ளே ஓடப் பார்த்தாள். பாய் கையை நீட்டி மறித்தார்.

"ஓடாதீங்க. செடி அசைஞ்சா பன்னின்னு நினைச்சுச் சுட்டுடுவாரு. பேசிக்கிட்டே போவோம். மனுஷக் குரல் கேக்கணும்."

அப்படியே போனார்கள். ரஹீம் பாய் உரத்த குரலில் அரிசி விலையைப் பேசினார், மழையைப் பேசினார். திலகவதிக்கு ஒவ்வொரு அடியிலும் எங்கிருந்தோ குண்டு வரும் என்று முதுகு கூசியது. கத்திக் கூப்பிடவும் பயம். திடுக்கிட்டுத் திரும்பினால் விழுந்துவிடுவானே.

"யாரு? ரஹீம் பாயா?" மேலேயிருந்து குரல் வந்தது.

இருந்தான். உயிரோடு உட்கார்ந்திருந்தான். அவள் மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள்.

"என்னங்க, அசையாதீங்க. நீங்க போட்டிருக்கிறது வெட்டப்போட்டது. இடது கால் வார் இத்துப்போச்சு. அதை நம்பிச் சாயாதீங்க."

அவன் குனிந்து பார்த்தான். அகப்பட்டுக்கொண்டவனின் முகம் அது என்று இருபது அடி கீழே இருந்தே தெரிந்தது.

"முதல்ல துப்பாக்கி. குண்டை எடுத்துட்டுக் கயித்துல கட்டி இறக்குங்க."

இறக்கினான். ரஹீம் பாய் வாங்கித் தூரத்து மரத்தில் சாய்த்தார். பிச்சைமுத்து முதுகுக் கொக்கியின் கயிற்றைத் தலைக்கு மேலே கிளையில் கட்டியபடியே விட்டுவிட்டு, கட்டைகளில் கால் வைத்து இறங்கினான். ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டுக் கட்டைகள். கயிறு தீரும் இடத்தில் அவிழ்க்க வேண்டும் என்று நின்றான். மழையில் ஊறிய கட்டை ஆணியோடு பெயர்ந்தது.

விழுந்தான். கயிறு சுண்டியது. துணி கிழிகிற சத்தம் கேட்டது. இடது தொடையின் வார் அறுந்து தொங்கியது. வலது காலும் தோளும் மட்டும் வாரில் மாட்டியிருக்க, மரத்துக்கு முதுகைக் காட்டியபடி அவன் கோணலாக ஆடினான். கால்கள் தரையிலிருந்து எட்டடிக்கு மேல்.

"பாய், வண்டி! பிக்-அப்பை மரத்தடிக்குக் கொண்டாங்க!"

ரஹீம் பாய் அறுபது வயதில் அப்படி ஓடுவார் என்று அவள் நினைத்ததில்லை.

"திலகா... கால் மரத்துப்போகுது. கண்ணு இருட்டுது."

அவளுக்குப் பயிற்சியில் சொன்னது தெரியும். ஹார்னஸில் தொங்குகிறவனின் ரத்தம் காலிலேயே தங்கிவிடும். அசையாமல் தொங்கினால் சில நிமிடங்களில் மயக்கம் வரும், அப்புறம் உயிரே போகலாம். ஏதாவதொன்றில் அவன் கால் ஊன்ற வேண்டும்.

செருப்பைக் கழற்றினாள். முதல் கட்டையில் கால் வைத்தாள். இரண்டாவது. வழுக்கியது. மரத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். மூன்றாவது, நாலாவது. பட்டை கன்னத்தைக் கீறியது.

"இறங்குடி! நான் விழுந்தா உன் மேலதான் விழுவேன். இறங்கு!"

"பேசாதீங்க. இடது காலை என் தோள்ல வைங்க. அமுத்துங்க."

சேறு படிந்த பூட்ஸ் அவள் கழுத்தோரம் இறங்கியது. பாரம் தோளை நசுக்கியது. அவள் நின்ற கட்டை மெல்ல முனகியது. தலைக்கு மேலே மிச்ச வாரின் தையல் ஒவ்வொன்றாகப் பிரிவது கேட்டதா, கேட்பதாகத் தோன்றியதா, பின்னாலும் அவளால் சொல்ல முடியவில்லை. "காலை அமுத்துங்க, அமுத்துங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் அவன் பதில் சொல்வது நின்றது.

"என்னங்க! பேசுங்க!"

"ம்" என்றான்.

கன்றுகளை மிதித்துக்கொண்டு பிக்-அப் வந்தது. ரஹீம் பாய் பின்பக்கமாக ஓட்டி மரத்தடியில் சேர்த்தார். பின்தட்டில் ஏறி, அங்கிருந்து கூரைமேல் ஏறி, பிச்சைமுத்துவின் இடுப்பைக் கட்டிப்பிடித்துத் தூக்கி, ஒரு கையால் முதுகுக் கொக்கியைக் கழற்றினார். இரண்டு பேரும் கூரைமேல் சரிந்தார்கள். தகரம் அமுங்கியது. திலகவதியால் இறங்க முடியவில்லை. விரல்கள் மரத்தை விட மறுத்தன. ரஹீம் பாய் ஒவ்வொரு காலாகப் பிடித்துக் கட்டையில் வைத்து அவளை இறக்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் பிச்சைமுத்துவின் நழுவிய தோள்பட்டையைச் சேர்த்துக் கட்டினார்கள். தொடை முழுவதும் கன்றியிருந்தது. இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

"உன்கிட்ட கேட்டா தரமாட்டே. கடையில வாங்குறதுக்கும் மனசு வரலை" என்றான் அவன், இரண்டாம் நாள், சுவரைப் பார்த்தபடி.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. "அந்தக் கறையை நீங்க பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"பாத்தேன். அழுக்குன்னு நினைச்சேன்."

திங்கட்கிழமை நடந்ததை முழுவதும் எழுதி சூப்பர்வைசரிடம் கொடுத்தாள். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தாள். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். சிவப்புப் பெட்டிக்குப் பூட்டு வந்தது. ரஹீம் பாய் தோட்டத்தைச் சுற்றி மின்வேலி போட்டார். பரணைப் பிரிக்கச் சொல்லி ஆள் வைத்தார்.

மூன்று மாதம் கழித்துப் பிச்சைமுத்து மறுபடி லாரியில் ஏறினான். அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக் கூரைத் தண்ணீர்க் குழாயை இலை அடைத்துக்கொண்டது. ஏணியைச் சாய்த்து ஏறினான். திலகவதி கீழே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது படியில் அவன் நின்றுவிட்டான். அவன் முழங்கால்கள் நடுங்குவது ஏணி வழியாக அவள் கைக்கு வந்தது.

"நாளைக்கு யாரையாச்சும் கூப்பிட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

அவள் சரி என்றாள்.